திரைக்குப் பின்னால் மட்டும் விடுதலையா?

கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டோம் என்று பெருமை பேசும் அலுவலகங்களிடம் எனக்கு ஒரே கேள்விதான்: தரவை உள்ளிடும் எழுதுவினைஞரின் திரையில் இன்று இருப்பது எது?

பல இடங்களில் அதே பழைய மைக்ரோசாஃப்ட் அக்சஸ் படிவம்தான். அட்டவணைகள் மைஎஸ்கியூஎல்லுக்கோ போஸ்ட்கிரெஸுக்கோ போய்விட்டன. ஓடிபிசி இணைப்பால் படிவம் மட்டும் தொடர்கிறது. சில மாதங்களுக்கான பாலமாக இதை ஏற்பேன். நிரந்தர ஏற்பாடாக ஏற்க மாட்டேன். அக்சஸுக்கு விண்டோஸ் வேண்டும். அப்படியானால் மேசைதோறும் பழைய விலங்கு அப்படியே கிடக்கிறது.

லிப்ரெஆபிஸ் பேஸ் இருக்கிறதே என்பர் நண்பர்கள். அது கட்டற்றது, மறுக்கவில்லை. ஆனால் அக்சஸ் படிவங்களை அது அப்படியே ஏற்காது. எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டும். வரைந்த கோப்பைக் கணினிதோறும் கொண்டுபோய் வைக்கவும் வேண்டும். புதிதாகத்தான் வரைவது என்றால், உலாவியில் இயங்கும் படிவமாகவே வரைவதுதானே முறை?

இலங்கைக்கு இது புதிய பாடமன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை அடுத்து இந்நாட்டு நிரலாளர்கள் உருவாக்கிய சஹானா, பிஎச்பியிலும் மைஎஸ்கியூஎல்லிலும் எழுந்தது. பயன்படுத்துவோருக்கு உலாவி ஒன்றே போதுமாயிருந்தது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது உதவியது.

"ரிவர்ஸ்டனுக்கு அப்பால் இணையம் ஏது?" என்று கேட்பார்கள். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியே ஏறி, ரிவர்ஸ்டன் காற்றைக் கடந்து, இலுக்கும்புரைக்கு இறங்கியவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. ஆயினும் உலாவி வேறு, இணையம் வேறு. சேவையகம் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சாதாரணக் கணினியில் இருக்கலாம். வெளியே இணைப்பு அறுந்தாலும் உள்ளே பதிவு நடக்கும்.

யாரும் வாய் திறக்காத இன்னொன்று, எழுத்து. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பெயர்கள் அட்டவணைக்குள் வெறும் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கின்றன. அவற்றைத் தமிழாகக் காட்டியது பழைய படிவத்தின் எழுத்துருவே. ஒருங்குறிக்கு மாற்றாமல் தரவை நகர்த்தினால், இரத்தோட்டைப் பக்கத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் பெயர் புதிய திரையில் பொருளற்ற குறிகளாகிவிடும். தேடினால் அகப்படாது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மாத்தளை மாவட்டமும் பேரிடரைச் சந்தித்தது. நிவாரணப் பட்டியலில் பெயர் அகப்படாமற் போவது என்ன பொருள் என்பதை அங்குள்ளவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். எந்தத் தரவுத்தளம் என்ற விவாதம் பிறகு இருக்கட்டும். தமிழிலும் சிங்களத்திலும் பெயரை உள்ளிடவும் தேடவும் இயலும் ஒரு படிவத்தை முதலில் எழுதுவினைஞரின் முன் வையுங்கள். அவர் சரியென்ற பிறகு அறிக்கை விடலாம்.