யார் குற்றவாளி?

சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகே 2003-ஆம் ஆண்டு அளித்த ‘இர மதியம’ படத்திலே, விடுமுறையில் வந்த போர்வீரன் அனுராதபுரத்து விலைமாதர் விடுதிக்குள் நுழைகிறான். அங்கே அவன் காண்பது தன் உடன்பிறந்தாளை! தலைகுனிய வேண்டியவர் அவளா, அவனா?

சட்டம் என்றோ விடை கூறிவிட்டது. 1841-இல் வெள்ளையர் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் தலைமுறை தலைமுறையாகப் பிடித்தது பெண்ணையே. விலை பேசியவனோ வீடு திரும்பினான்!

பதுளை, பசறை, பண்டாரவளைத் தோட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிக் கொழும்பு செல்வோரும் நம் பெண்களே. அவர்களுள் ஒருத்தி வழிதவறி லயத்துக்குத் திரும்பினால், வசைமொழியா நம் வரவேற்பு? அவளுக்காக வாதாட வழக்கறிஞர் முன்வருக! தோட்டத்திலேயே வயிறு நிறையும் கூலிக்குத் தொழிலாளர் போராடுக! கூலியைப் பேசாதவர்க்கு ஒழுக்கத்தைப் பேச உரிமை ஏது?