மனதைக் கையாளவும் பள்ளியில் சொல்லித் தரலாமே!



தேர்வு முடிவு வரும் வாரத்தில் மட்டும் 104, 14416 ஆகிய மனநல உதவி எண்களை நினைவூட்டுகிறோம். நல்லதுதான், ஆனால் கோபமும் அவமானமும் பொங்கும்போது என்ன செய்வதென்று பிள்ளைகளை முன்பே பழக்க வேண்டாமா? அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைன்ஹன் வகுத்த சிகிச்சை முறையில் இதைக் குழுவாகவே கற்றுத் தருகிறார்கள். முகத்தில் குளிர்ந்த நீர் அடித்துக்கொள்வது, மூச்சை நிதானமாக விடுவது, உள்ளே ஓடுவதை மறைக்காமல் சொல்வது. ஒருவன் வாய் திறந்தால், "எனக்கும் இப்படித்தான்டா" என்பான் பக்கத்துப் பையன். அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தில் மனநலமும் அடக்கம். இருந்தும், உதவி தேடி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் பிள்ளையை அழைத்துப்போனால் தாய்க்கு அன்றைய கூலி போய்விடும். செஞ்சி வட்டாரப் பள்ளிகளுக்கே உளவியலாளர் வந்து குழு அமர்வு நடத்த விழுப்புரம் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகி, மண்டகப்பட்டு