தற்புகழ்ச்சியும் விண்ணப்பக் கட்டுரையும்

சிலரை மட்டுமே தேர்ந்து சேர்த்துக்கொள்ளும் கோடைக்கால ஆய்வுப்பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் தமிழ் ஆய்வாளர், படிவத்தின் பிற பகுதிகளை ஒரு மணி நேரத்தில் நிரப்பிவிடுகின்றனர். இதில் தாம் ஏன் பங்கேற்க விழைகின்றனர் என்று விளக்கிக் கட்டுரை எழுதவேண்டிய இடத்தில்தான் பல நாள் நின்றுவிடுகின்றனர். இத்தயக்கத்திற்கு ஆங்கிலப் பயிற்சிக் குறைவே காரணம் என்பது பரவலான கருத்து. அது முழு உண்மையன்று. தமிழிலேயே எழுதலாம் என்று இசைவு தரப்படும் இடத்திலும் கட்டுரை சிறப்பதில்லை.

இவ்வகைக் கட்டுரைக்கு எத்துணை மதிப்பு உண்டு என்பதற்கு அமெரிக்காவின் டெலுரைடு அசோசியேஷன் தக்க சான்று. எல். எல். நன் என்பவர் 1911இல் நிறுவிய இவ்வமைப்பு 1954 முதல் உயர்நிலைப்பள்ளி மாணாக்கர்க்குக் கோடைக் கருத்தரங்குகளை நடத்திவருகிறது. அங்குக் கட்டணம் இல்லை. பயின்றதற்கு மதிப்பெண்ணும் இல்லை. ஆதலின் விண்ணப்பிப்போர் எழுதும் கட்டுரைகளே தேர்வின் உயிர்நிலை. எதை அறிந்திருக்கிறார் என்பதைவிட எதைக் குறித்துச் சிந்திக்கிறார், எவ்வாறு சிந்திக்கிறார் என்பதையே தேர்வாளர் அவற்றில் தேடுகின்றனர். ஆய்வாளர்க்கான கோடைப்பள்ளிகளின் எதிர்பார்ப்பும் இதுவே.

நம்மவர் கட்டுரைகளோ இருவகைப்படுகின்றன. ஒன்று, தமிழின் தொன்மையையும் இனிமையையும் மூன்று பத்திகளில் போற்றிவிட்டு, 'எளியேனுக்கு வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்' என்று முடிவது. மற்றொன்று, பட்டங்களையும் பங்கேற்ற கருத்தரங்குகளையும் அடுக்கிச் செல்லும் தன்விவரப் பட்டியல். முன்னது அவையடக்கம் எனவும் பின்னது தகுதி எனவும் எண்ணப்படுகின்றன. இரண்டிலும் எழுதியவரின் வினா இல்லை.

இக்கட்டுரையாளரின் முதல் விண்ணப்பமும் முன்னதன் வகையினதே. புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுவிடுகிறது. அதன்பின் வரும் பாடல்களுக்குப் பொருள் காண்கையில் துறைக்குறிப்பை எவ்வளவு நம்பலாம் என்னும் ஐயம் அப்போது ஈராண்டுகளாக மனத்தில் இருந்தது. விண்ணப்பத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தெளிவு பெறாத ஐயத்தை அறிஞர்முன் வைப்பது அடக்கமின்மை என்று தோன்றியதே காரணம். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, அதில் வியப்பும் இல்லை.

இத்தயக்கத்தை நம் மரபின்மேல் ஏற்றிச் சொல்வாரும் உளர். மரபோ வேறுவிதமாகப் பேசுகிறது. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் தற்புகழ்ச்சியைத் தகாது என விலக்கிவிட்டு, உடனே அதற்கு நான்கு விலக்குகளும் தருகிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றல் அறியாதாரிடையேயும், அவையில் வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிர்ப்பவர் தன்னைப் பழிக்கும்போதும் புலவன் தன்னைப் புகழலாம். விண்ணப்பக் கட்டுரை இவற்றுள் முதலிரண்டும் ஒருங்கே அமைந்த இடம்: அறியாதார் கூடிய ஓர் அவைக்கு விடுக்கும் ஓலை அது. சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியோராக ஆசிரியர், உடன்கற்றோர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரை வகுத்ததும் கருதத்தக்கது. இன்றைய பரிந்துரைக் கடிதம் செய்யும் பணி அதுவே. பாராட்டின் பெரும்பகுதியை ஆசிரியரின் கடிதத்திற்கு விட்டுவிட்டால், கட்டுரையில் பொருளுக்கு இடம் கிடைக்கும்.

அப்பொருள் யாது என்பதற்கும் பாயிர இலக்கணம் வழிகாட்டுகிறது. சிறப்புப்பாயிரம் கூற வேண்டிய எட்டனுள் வழி, யாப்பு, நுதலியபொருள், பயன் ஆகிய நான்கும் விண்ணப்பத்திற்கு நேரே பொருந்துவன. யாப்பு என்பதற்கு, இந்நூலைக் கற்றபின் இதனைக் கற்கத்தகும் என்னும் இயைபு என நன்னூல் உரைமரபு பொருள் கொள்ளும். 'இப்பள்ளி உமக்கு இப்போது ஏன் வேண்டும்' என்று விண்ணப்பப் படிவம் வினவுவது இவ்வியைபையே. இதுவரை கற்றது இங்கே கொண்டுவந்து நிறுத்தியது. அடுத்து இன்ன பயிற்சியின்றி நகர இயலாது என்று காட்டுவதே விடை. பழைய இலக்கணத்தில் இன்றைய தேவையை வலிந்து புகுத்துவதாகச் சிலர்க்குத் தோன்றலாம். நூலை அறியாத அவைக்கு அறிமுகம் செய்வதற்கென்றே பாயிரம் தோன்றியது என்பதை எண்ணின் அவ்வையம் நீங்கும்.

கட்டுரைவழித் தேர்வு எல்லார்க்கும் நிகரானது என்று கூறுதற்கில்லை. திருத்தித் தரும் ஆசிரியரும் படித்துப் பார்க்கும் நண்பரும் வாய்த்தவர்க்கு அது எளிது. குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் பெற்று, அரசு கல்லூரியில் பயின்று வந்தவர்க்கு அவ்வாய்ப்பு அரிது. தம் ஊர்க் கூத்தின் பாடல்களை நேரில் கேட்டு எழுதிவைத்திருக்கும் மாணாக்கர் ஒருவர், அதை ஆய்வெனக் கருதாமல் விண்ணப்பத்தில் விட்டுவிடுவது நாம் காணாததன்று. அவரை இழப்பவர் தேர்வாளர் மட்டும் அல்லர்.

ஆய்வு நெறிமுறைத் தாளில் மேற்கோள் காட்டும் முறையையும் துணைநூற்பட்டியல் அமைப்பையும் பல வாரங்கள் கற்பிக்கிறோம். அத்தாளில் ஒரு வாரத்தை இதற்கு ஒதுக்கலாம். ஒவ்வொருவரும் தம் ஆய்வுக்குத் தாமே ஒரு பாயிரம் ஒரு பக்கத்தில் எழுதட்டும். தமிழின் பெருமை பற்றிய வரிகளை உடன்பயில்வோர் அடித்துவிடட்டும். அதன்பின் எஞ்சுவது இரண்டே வரியாயினும், அங்கிருந்து கட்டுரையைத் தொடங்கலாம்.