பட்டாளத்தார் வீடுகள்



அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் திரும்பும் நம் கைலாசபுரத்துப் பெரியவர்கள் வியந்து சொல்லும் சங்கதி ஒன்று உண்டு. அங்கே பல குடும்பங்கள், தங்கள் பாட்டனுக்குப் பாட்டன் சுதந்திரப் போரில் எந்தப் படையில் இருந்தார், எந்தத் தளபதியின் கீழ் நின்றார் என்பதைக் காகிதத்தோடு எடுத்துக் காட்டுகிறார்களாம். அவர்களுக்கு நம்மைவிட ஞாபகசக்தி அதிகம் என்று நான் நினைக்கவில்லை. காரணம் பென்ஷன். 1832-ல் வந்த சட்டப்படி, பென்ஷன் வேண்டும் கிழட்டுச் சிப்பாய் கோர்ட்டுக்குப் போய், எப்போது சேர்ந்தேன், எங்கே சண்டை போட்டேன் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டியிருந்தது. விதவைகள் கல்யாணத்தை நிரூபிக்க, குடும்ப பைபிளில் பெயர் எழுதியிருந்த தாளைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கட்டுகளெல்லாம் அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அதே போரின் கடைசிச் சண்டை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கணக்கிடுவது எந்த ஊரில் நடந்தது தெரியுமா? நம் கடலூரில். அமெரிக்கர்களுக்குத் துணையாகப் பிரான்ஸ் இறங்கியதும், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் உலகம் முழுக்கச் சண்டை என்றாகிவிட்டது. 1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட் கடலூரை முற்றுகையிட்டார். உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. ஜூன் 13-ல் கடுமையான சண்டை. 20-ல் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். 25-ல் கோட்டைக்குள் இருந்தவர்கள் வெளியே பாய்ந்து தாக்கினார்கள். இரண்டு பக்கமும் நம்மூர்ச் சிப்பாய்கள் இருந்தார்கள். ஆனால் அதற்கு ஐந்து மாதம் முன்பே, ஜனவரி 20-ஆம் தேதி, வெர்சாய் நகரில் பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. சேதி கப்பலேறி வந்து சேர ஜூன் கடைசி ஆயிற்று. முடிந்துபோன போரில் செத்த அந்தச் சிப்பாய்களுக்கும் பேரன் பேத்திகள் உண்டு. ஆனால் கோர்ட்டில் வாக்குமூலம் கொடுத்த பாட்டன் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

கடலூர்வரை போவானேன்? திருவெறும்பூர் மலைக்கோயில் கர்நாடகப் போர்களில் படைகள் தங்கும் கோட்டையாக இருந்தது. 1752-ல் கும்பினிப் படை அதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தது. அந்த ஜூனில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தது. அவர்கள் பக்கம் நின்ற சந்தா சாகிபின் தலை போயிற்று. அடுத்த வருஷம் பொன்மலையடியில் மறுபடி சண்டை. இன்று நாம் ரேஷனுக்கும் ரயிலுக்கும் போகும் வழியெல்லாம் படை நடந்த வழிதான். மேஜர் லாரன்ஸ், கிளைவ், கேப்டன் டால்டன் என்று அந்தப் பக்கத்துப் பெயர்களைப் புத்தகத்தில் எண்ணிப் படிக்கலாம். நம் பக்கத்தில் ஒரு பெயர் பளிச்சென்று நிற்கிறது: மருதநாயகம் என்கிற யூசுப்கான். திருச்சி முற்றுகையில் சிப்பாய்களை நடத்திப் பெயர் வாங்கியவர். 1764-ல் மதுரையில் அவரைத் தூக்கில் போட்டார்கள். ஒரு சிப்பாயின் பெயர் நிலைக்க அந்த அளவுக்கு எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது போலும்.

முதல் உலகப் போருக்கு வந்தால் நிலைமை கொஞ்சம் மாறுகிறது, முழுக்க அல்ல. பாளையங்கோட்டைப் பெயரைத் தாங்கிய 63-ஆம் படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் இறங்கியது. மதராஸ் சாப்பர்கள் மெசபடோமியாவில் பாலம் கட்டினார்கள். ஊர் ஊராகக் கல் வைத்தார்கள்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று. எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. பாஸ்ராவில் எழுப்பிய பெரிய நினைவுச் சின்னத்திலும் இந்திய அதிகாரிகளின் பெயரைத்தான் பொறித்தார்கள். சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் கீழே தலைக்கணக்கு மட்டும். இதை நான் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன், அவமதிப்பு என்றுதான் சொல்வேன்.

ஆகவே அந்தப் பெயர்கள் இருக்கிற இடம் வீடுகள்தான். நம் டவுன்ஷிப்பில் இந்தக் கதைகள் கூடுதலாகவே இருக்கும். 1960-களில் பெல் வந்த பிறகு எத்தனையோ ஜில்லாக்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் நாம். பட்டாளத்தை முடித்துவிட்டு இங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களும் உண்டு. ஊரில் 'பட்டாளத்தார் வீடு' என்று ஒரு வீடு இல்லாதவர் குறைவு. பர்மாவிலிருந்து நடந்தே வந்த பெரியப்பா, மலேயாவில் நேதாஜி படையில் சேர்ந்த அத்தை என்று எத்தனை பேர்!

தேடத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். ராமசாமிக்கும் முனுசாமிக்கும் பஞ்சமே இல்லை. நம்பரும் படைப்பிரிவும்தான் சாவி. முதல் உலகப் போரின் வெள்ளி மெடல் வீட்டில் கிடந்தால் அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள்: நம்பர், பதவி, பெயர், படை எல்லாம் வெட்டியிருக்கும். வெள்ளிக்காக உருக்கியது போக மிஞ்சியவை இன்னும் பீரோக்களில் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், யூனிபார்ம் போட்ட போட்டோவின் பின்பக்கம், இவையும் பேசும். 1922-ல் படைப்பிரிவுகளின் பெயரையும் எண்ணையும் மாற்றிவிட்டார்கள். அதனால் தாளில் உள்ளதை உள்ளபடியே எழுதி வையுங்கள். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் இணையத்திலேயே தேடலாம். நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறையையும் அவர்கள்தான் பராமரிக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டுப் பாட்டியிடம் உட்காருங்கள். தாத்தா எந்த ஊரில் ஆள் எடுப்பில் சேர்ந்தார், மணியார்டர் எங்கிருந்து வந்தது, திரும்பி வந்தபோது எந்தப் பாஷை பேசினார் என்று கேளுங்கள். "எந்தப் போர்?" என்று கேட்டால் அவருக்குத் தெரியாது; "மணியார்டர் எங்கிருந்து?" என்றால் ஊர்ப் பெயர் வரும்.

கிடைத்ததை ஒரு பக்கத்தில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். வரும் இதழ்களில் தொடர்ந்து வெளியிடுவோம். வீரதீரம் இல்லாத கதையானாலும் சரி, சமையல்கூடத்தில் வேலை பார்த்தவரானாலும் சரி. மெடலையும் ஒரிஜினல் காகிதத்தையும் அனுப்ப வேண்டாம். போட்டோவும் ஜெராக்ஸும் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்