டென்ட்டுக்கு எதுக்குடா பர்மிஷன்?

ஆணி ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலை. இன்னிக்கு பொட்டி தட்டுற கதை எழுத வரலை மக்களே, ஒரு பஞ்சாயத்தோட வந்திருக்கேன். நானும் பள்ளிக்கூடத்துல இருந்து கூட இருக்கிற ஒரு நண்பனும் மூணு வாரமா சரியாப் பேசிக்கலை. காரணம் ஆறு டென்ட்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க வீடு திண்டுக்கல் நாகல் நகர். மொட்டை மாடியில நின்னா சிறுமலை தெரியும். பத்தாவது பரிட்சைக்குப் படிக்கிறேன்னு மாடிக்குப் போய் ரெண்டு பேரும் அந்த மலையைத்தான் பார்த்துக்கிட்டு இருப்போம். "மேல ஒரு இடம் போடணும் மாப்ள" என்பது அப்பவே ஆரம்பிச்ச பேச்சு.

2024ல கம்பெனி என்னை எட்டு மாசம் இங்கிலாந்துக்கு ஆன்சைட் அனுப்பினது. ஒரு சனி ஞாயிறு ஊர் சுத்தப் போனப்ப, ஆட்டுப் பண்ணை வச்சிருக்கிற ஒரு பெரியவரோட வயல்ல தங்கினோம். இருபது டென்ட், ஓரத்துல ரெண்டு கழிவறை, ஒரு தண்ணிக் குழாய். அவ்வளவுதான் மொத்த முதலீடு. போட்டோ எடுத்து நண்பனுக்கு அனுப்பி வச்சேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. :-)

அங்கேயே ஆரம்பிக்கலாமான்னுதான் முதல்ல கேட்டான். வேலை விசாவுல போனவன் இஷ்டத்துக்கு சொந்தத் தொழில் தொடங்க முடியாதுன்னு சொன்னேன். உடனே பேச்சு சிறுமலைக்குத் திரும்பிடுச்சு. நான் ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள கோயம்புத்தூர் வேலையை விட்டுட்டான். நத்தம் ரோட்டுல போய், மலை ஏறி, ஒரு எலுமிச்சைத் தோட்டத்துக்காரரைப் பிடிச்சு ஒரு ஏக்கர் குத்தகை பேசியாச்சு. அட்வான்ஸ் ரெண்டு லட்சம். அவங்க அம்மாவோட நகை அடகுக் கடையில. மிச்சப் பணம் நான் போடணும்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "பர்மிஷன் என்ன ஆச்சுடா?"

"டென்ட்டுக்கு எதுக்குடா பர்மிஷன்? செங்கல் வைக்கிறோமா, சிமெண்ட் போடறோமா? மடிச்சா பைக்குள்ள போயிடும்."

எனக்கு அப்ப பதில் தெரியலை. அதனால ரெண்டு வாரம் உக்காந்து தேடிப் படிச்சேன், நாலு பேரைக் கேட்டேன். புரிஞ்சது இதுதான்.

டென்ட் பைக்குள்ள போயிடும், சரி. கழிவறை போகுமா? செப்டிக் டேங்க் போகுமா? சமையல் ஷெட், டென்ட் நிக்கறதுக்கு சரிவை வெட்டிப் போடற மேடை, கார் வந்து நிக்க ஒரு பாதை? ஆறு டென்ட்டைச் சுத்தி இவ்வளவு இருக்கு. சிறுமலை, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும வரம்புக்குள்ள வர்ற ஊர். சமவெளியில வீடு கட்டற மாதிரி ஊராட்சியில ஒரு தாளை வாங்கிட்டு வேலையை ஆரம்பிக்க முடியாது. விவசாய நிலத்துல வேற தொழில் பண்ண நில உபயோக மாற்றம் வேணும். மரம் வெட்டணும்னா அதுக்கு 1955ல இருந்தே தனிச் சட்டம் இருக்கு. சாப்பாடு போட்டா உணவுப் பாதுகாப்பு உரிமம். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள அதுக்கான படிவம். எல்லாத்துக்கும் மேல, முகாம் நடத்துறவங்க தமிழ்நாடு சுற்றுலாத் துறையில பதிவு செஞ்சுக்கணும்னு ஒரு ஏற்பாடும் இருக்கு.

இதைச் சொன்னதும் நண்பன் சிரிச்சான். "கொடைக்கானல் ரோட்டுல போய்ப் பாரு. எத்தனை பேர் இதெல்லாம் வாங்கிட்டு நடத்துறான்?"

என் கருத்து வேறுபடுறது இந்த இடத்துலதான்.

2021 ஜனவரியில வயநாட்டுல மேப்பாடி பக்கம், காட்டை ஒட்டி டென்ட்ல தங்கியிருந்த 26 வயசுப் பொண்ணை ராத்திரி யானை மிதிச்சுக் கொன்னுடுச்சு. அங்க டென்ட் போட அனுமதியே இல்லைங்கிறது அதுக்கப்புறம்தான் பேசப்பட்டது. 2025 மே மாசம் அதே மேப்பாடி பக்கம், 900 கண்டியில, கூடாரம் சரிஞ்சு விழுந்து 24 வயசுப் பொண்ணு ஒருத்தி இறந்துட்டா. ரெண்டு பேருமே நம்ம வயசு. லீவு போட்டு, காசு கட்டி, போட்டோ எடுக்கலாம்னு போனவங்க.

"சிறுமலையில யானை இல்லடா." அவன் பதில். உண்மைதான். ஆனா காட்டுமாடு இருக்கு, கோடையில காட்டுத் தீ இருக்கு. 2018 மார்ச் 11, குரங்கணி. நமக்குப் பக்கத்து மாவட்டம் தேனி. மலையேறப் போனவங்கள்ல 23 பேர் செத்துப் போனாங்க.

அனுமதின்னா ஏதோ ஒரு சீல், ஒரு கையெழுத்து, கொஞ்சம் லஞ்சம்னு நாம நினைச்சுக்கிறோம். ஆனா அந்தப் படிவத்துல இருக்கிற கேள்விகளைப் பாருங்க. காட்டு எல்லை எவ்வளவு தூரம்? தீப்பிடிச்சா வெளியேற வழி எது? கழிவு எங்க போகுது? ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தருக்கு நெஞ்சுவலி வந்தா வண்டி எங்க நிக்குது? இதெல்லாம் நாமளே நம்மகிட்ட கேட்டுக்க வேண்டிய கேள்விகள். ஆசையில இருக்கிறவன் கேட்டுக்க மாட்டான். அதனாலதான் வேற ஒருத்தர் கேட்கணும்.

சரி, உயிரை விடுங்க, காசுக் கணக்கே பார்ப்போம். அனுமதியில்லாத தொழிலுக்கு நாம முதலாளியே இல்லை. யார் வேணா வந்து மூடலாம். சீசன்ல ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு ஜீப் வந்து நின்னா போதும். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் பொறாமை வந்து ஒரு மனு போட்டா போதும். விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரன் கேட்கிற முதல் காகிதம் லைசென்ஸ்தான். வர்றவன் போறவன் எல்லாம் கை நீட்டுவான், நாம புகார் கூடக் கொடுக்க முடியாது. "எல்லாரும் இப்படித்தான் நடத்துறாங்க" என்பதும் தைரியம் இல்லை. கொடைக்கானல்லயும் அப்படித்தான் நினைச்சாங்க. 1993 மாஸ்டர் பிளான் ஒரு பக்கம் இருந்தது, கட்டடங்கள் அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருந்தது. 2019ல ஹைகோர்ட் உத்தரவு வந்து வரிசையா சீல் விழுந்தப்ப, பக்கத்து லாட்ஜ்காரர் யாரையும் காப்பாத்தலை. மசினகுடி யானை வழித்தடத்துலயும் 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் ரிசார்ட்டுகளுக்குப் பாதகமாத்தான் தீர்ப்பு சொன்னது.

இதுவரைக்கும் படிச்சவங்க என்னை அரசாங்கத்தோட ஜால்ரான்னு நினைச்சிருப்பீங்க. இல்லைங்க. மிச்சப் பாதித் தப்பு அந்தப் பக்கம் இருக்கு.

நான் தங்கின அந்தப் பண்ணைப் பெரியவர் எப்படி நடத்துறார்னு அப்புறம் படிச்சுப் பார்த்தேன். இங்கிலாந்துல 2023 ஜூலையில ஒரு விதி வந்தது. வருஷத்துக்கு 60 நாள், 50 டென்ட் இடம் வரைக்கும், திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டாம். ஆனா ஒவ்வொரு வருஷமும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உள்ளூர் நிர்வாகத்துக்கு எழுதித் தரணும். எந்தத் தேதிகள், கழிவறை எங்க, குப்பை எங்கன்னு வரைபடத்தோட. வெள்ள அபாயம் உள்ள இடம்னா முன் ஒப்புதல் வேணும். இயற்கைக்காகப் பாதுகாக்கப்பட்ட சில வகை இடங்கள்ல அடியோட கிடையாது. சின்ன ஆளுக்கு சின்ன வாசல், ஆனா வாசல்னு ஒண்ணு இருக்கு.

நம்ம ஊர்ல ஆறு டென்ட்காரனுக்குன்னு தனியா ஒரு சின்ன வாசல் என் கண்ணுல படலை. பதிவு ஒரு இடம், நிலம் ஒரு இடம், மலை ஒரு இடம், காடு ஒரு இடம், தீயணைப்பு ஒரு இடம். நாங்க போன ஒரு அலுவலகத்துல "இது எங்க ஃபைல் இல்ல தம்பி"ன்னு இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினாங்க. அங்க போனா திரும்ப முதல் அலுவலகத்துக்கே அனுப்பினாங்க. அறுபது ரூம் ரிசார்ட்காரன் இதுக்குன்னு ஒரு ஆளை சம்பளத்துக்கு வச்சுக்குவான். என் நண்பன் அம்மா நகையை வச்சவன். அவன் சுவரேறிக் குதிக்கத்தான் பார்ப்பான்.

"அங்க யானை இல்லை, இங்க விட்டா மலை முழுக்க டென்ட் முளைக்கும்"னு நீங்க சொல்லலாம். நியாயமான பயம். அதனாலதான் எந்தெந்த சர்வே எண்ல கிடையவே கிடையாதுன்னு முதல்ல சொல்லிடணும். மிச்ச இடத்துல பத்து டென்ட், குறிப்பிட்ட நாள், ஒரே படிவம், ஒரே அலுவலகம், நேர்ல வந்து ஒரு ஆய்வு. முடியாததா? மலையேற்றத்துக்கு செஞ்சு காட்டியிருக்காங்களே. குரங்கணிக்கு அப்புறம் 2018லயே விதிகள் வந்தது. 2024 அக்டோபர்ல 40 பாதைகளை அறிவிச்சு, ஆன்லைன் பதிவு, வழிகாட்டியோட திறந்து விட்டாங்க. அதுக்கு முன்னாடி 23 உயிர் போக வேண்டியிருந்தது. டென்ட்டுக்காவது யாரும் சாகறதுக்கு முன்னாடியே செய்யலாம்.

நண்பன்கிட்ட நான் சொன்னது இதுதான். காகிதம் கைக்கு வர்ற அன்னிக்கு என் பணம் உன் கணக்குல இருக்கும். அதுவரைக்கும் நகையை மீட்க வேணா தர்றேன், டென்ட் வாங்கத் தர மாட்டேன். "நீ ஏசி ரூம்ல உக்காந்து பயப்படுறவன்டா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். தோட்டத்துக்காரர் தை மாசம் வரைக்கும் டைம் கொடுத்திருக்காராம்.

நேத்து சாயங்காலம் மாடிக்குப் போனேன். மலை மேல மேகம் இறங்கியிருந்தது. அவன் கேட்கிறது ஒண்ணும் பேராசை இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனாலும் போன் பண்ணலை.

உங்கள்ல யாராவது இந்த மாதிரி முறையா அனுமதி வாங்கி நடத்துறீங்களா? எத்தனை மாசம் ஆச்சு, எந்த வரிசையில போனீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அப்படியே அவனுக்கு அனுப்பி வைப்பேன். நான் சொன்னா கேட்க மாட்டான், நீங்க சொன்னா கேட்பான்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுறவன். காசு போடறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்களைக் கேட்டுக்குங்க.