ஆறுதலும் தேற்றமும்

சமயமென்பது துன்புற்றார்க்கு மன ஆறுதல் அளிப்பதொரு சாதனம் என்னும் உரை இக்காலத்துப் பலர் வாயிலும் வழங்குகின்றது. ஆஸ்திரியா தேசத்து மருத்துவர் பிராய்டு 1927ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றிற் சமய நம்பிக்கையை, எளியராகிய மக்கள் தம் அச்சத்துக்கு மருந்தாகத் தாமே கற்பித்துக்கொண்ட மயக்கமென்று வாதித்தார். சமயத்தை ஏற்காதவர் அங்ஙனம் கூறியதில் வியப்பொன்றுமில்லை. திருநீறணிந்து சிவாலயஞ் செல்வோரே, 'கோயிலுக்குப் போனால் ஓர் ஆறுதல்; அவ்வளவே' என்று அக்கூற்றைத் தம் வாயால் ஒப்புக்கொள்வதன்றோ இரங்கத்தக்கது! மாற்றார் எறிந்த கல்லைப் பூவென்று சூடிக்கொள்ளுதல் போலும் இது.

இப்பிழை சொற்பொருளை ஆராயாமையால் விளைந்தது. ஆறுதலென்பது சூடு தணிதல். சோறு ஆறும், பசி ஆறும், சினம் ஆறும். தணிந்தது மீட்டும் எழும். காலையில் ஆறிய பசி உச்சிப்பொழுதில் வந்து நிற்கின்றது. புண்ணும் ஆறும், ஆயின் மேலே ஆறி உள்ளே புரையோடிய புண்ணின் கேட்டை வைத்தியர் நன்கறிவர். தேறுதலோ அத்தன்மைத்தன்று. தேறுதல் தெளிதல். பானையின் உட்புறத்தே தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரை வார்த்தால், மண் அடியிற் படிய நீர் தெளிகின்றது. அக்கொட்டை நீரின் சூட்டை ஆற்றுவதன்று. கலக்கத்தின் காரணத்தையே பிரித்து வைப்பது. ஐயமறத் துணிந்து கூறும் ஏகாரத்தைத் தேற்றேகாரம் என்று இலக்கணமுடையார் பெயரிட்டதும் இப்பொருள் பற்றியே. ஆங்கிலர் ஆறுதலுக்கு வழங்கும் 'கம்பர்ட்' என்னுஞ் சொல்லும் இலத்தீனில் வலிமையூட்டுதல் என்னும் பொருளுடைய மூலத்தினின்று பிறந்ததே. பின்னாளில் அது மெத்தைக்கும் சாய்வு நாற்காலிக்கும் உரியதாயிற்று. சொற்கள் இழிவது உலகியல். அவற்றோடு சமயமும் இழியவேண்டுமென்பது என்ன நியதி?

உயிரின் துன்பத்துக்கு மூலம் ஆணவமென்னும் இருள்மலம் என்பது சித்தாந்தத் துணிபு. இருளில் அஞ்சி அழுங் குழவிக்கு இன்சொல் ஆறுதல், விளக்கே தேற்றம். உமாபதி சிவாசாரியார் அருளிய திருவருட்பயன் 10 அதிகாரங்களும் 100 குறள்வெண்பாக்களும் உடையது. அதில் இருள்மல நிலை 3ஆம் அதிகாரம். அறியும் நெறி 6ஆவது. உயிர் விளக்கம் 7ஆவது. இன்புறு நிலை அவற்றின் பின்னரே 8ஆவதாக வைக்கப்பட்டது. இன்பத்தை முதற்கண் வைத்து மாணாக்கரை அழைத்தல் ஆசிரியர்க்கு அரிதன்று. அவர் அது செய்திலர்.

மருணீக்கியார் வரலாற்றை நோக்குக. சமண் சார்ந்து தருமசேனரெனப் பெயர் பூண்டிருந்த அவர், சூலைநோய் பொறாது, திருவதிகையிலிருந்த தமக்கையார்க்கு ஆள் விடுத்தார். திலகவதியார் தாய்தந்தையரை இழந்து, மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டபின், தம்பியார் பொருட்டே உயிர் தாங்கியவர், அன்பிற் குறைந்தவரல்லர். எனினும் நோயென்று கேட்ட அக்கணமே ஓடிச்சென்று தலைவருடி நாலு நன்மொழி சொன்னாரோ? சமண்பள்ளிக்குத் தாம் வருவதில்லை என்று மறுத்தார். அம்மறுப்பே மருணீக்கியாரை இரவோடிரவாகத் திருவதிகைக்கு நடத்திற்று. தாளில் வீழ்ந்தவர்க்கு அம்மையார் ஈந்தவை ஐந்தெழுத்தும் திருநீறும். அழைத்துச் சென்ற இடம் வீரட்டானத் திருக்கோயில். ஆறுதலே அமையுமென்று அவர் எண்ணியிருப்பின் தாமே பாடலிபுத்திரம் சென்று மீண்டிருப்பார். தமிழகம் திருநாவுக்கரசரை இழந்திருக்கும்.

அற்றேல், மகவிழந்து கதறுவாளொருத்தி முன்னர் மும்மல விசாரணை செய்தல் தகுமோவெனின், தகாது. அவள் கையைப் பற்றி உடனிருத்தலும், அடுப்பெரியாத வீட்டிற்குச் சோறு கொண்டு செல்லுதலும் மக்கட்பண்பு. அவ்வாறுதலை இகழ்வார் எவருமிலர். இகழப்படுவது, துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் 'எல்லாம் அவன் செயல். எழுந்திரு' என்று அரை நாழிகையில் அவள் அழுகையை அடைத்துவிட்டு மீளும் போலிச்சொல்லே. வினை, திருவருள் என்னும் பெரும்பொருள்களை வாயடைக்குந் துணியாக்குதல் அப்பொருள்களுக்கும் இழுக்கு, அவளுக்கும் கொடுமை. பதினாறாம் நாள் கழிந்து உற்றார் கலைந்தபின், 'எனக்கு ஏன் இது?' என்று அவள் வினவுவாள். முதல்நாட் கூட்டத்தில் வந்தவர் பலர். அவ்வினாவைக் கேட்க அன்று அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்குஞ் சைவர் எத்துணையர்? சைவ சபைகள் தம் ஆண்டு விழாச் சொற்பொழிவுகளுக்குச் செலவிடும் பொழுதில் ஒரு கூற்றை இதற்கென ஒதுக்கலாகாதோ?