நாற்காலியை ஏலம் எடுப்பவர்கள்

2012 மே 3. கான்சாஸ் சிட்டி மைதானத்தில் ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேரா, வழக்கம்போலப் பயிற்சியின்போது எல்லைச் சுவர் அருகே ஓடி, உயரே வந்த பந்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று கால் மடங்கியது. முழங்கால் தசைநார் கிழிந்து, அந்த சீசனே அவருக்கு முடிந்துபோனது.

மைதானத்துக்கு வெளியேயும் அன்று பலர் தலையில் கை வைத்தார்கள். ஃபேன்டஸி பேஸ்பால் ஆடுகிறவர்கள். பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் கூடி, நிஜ வீரர்களை ஏலத்தில் எடுத்துக் கற்பனை அணிகள் அமைப்பார்கள். அந்த வீரர்கள் மைதானத்தில் சாதிப்பதெல்லாம் இவர்கள் கணக்கில் ஏறும். 1980இல் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் ஆரம்பித்துவைத்த பொழுதுபோக்கு இது. அவர்கள் கூடிய நியூயார்க் உணவகத்தின் பெயரால் இதற்கு ‘ரொட்டிசெரி’ என்றும் பெயர் உண்டு. இந்தியர்களுக்குப் பழக்கமான ஃபேன்டஸி கிரிக்கெட் ஒரு மேட்சோடு முடிந்துவிடும். இதுவோ 162 ஆட்டங்கள் நீளும் ஆறு மாதச் சம்சாரம்.

நல்ல பேட்ஸ்மேனை ஏலத்தில் எடுத்துவிட்டால் ஓரளவு நிம்மதியாகத் தூங்கலாம். தூக்கத்தைக் கெடுப்பவர்கள் ரிலீஃப் பிட்சர்கள். ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் களைத்ததும் அடுத்தடுத்து வருகிறவர்கள். இவர்களில் கடைசியாக, ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து வெற்றியைக் காப்பவர் ‘க்ளோஸர்’. மூன்று ரன்னுக்கு மேற்படாத முன்னிலையை ஒரு இன்னிங்ஸ் காப்பாற்றி ஆட்டத்தை முடித்துவைத்தால், அவர் பெயரில் ஒரு ‘சேவ்’ எழுதப்படும். கிரிக்கெட்டில் 20ஆவது ஓவர் வீசுகிறவருக்கு மட்டும் தனிப் பரிசு வைத்ததுபோல.

இந்தக் கணக்கை உருவாக்கியவர் ஆட்டக்காரர் அல்ல, சிகாகோ விளையாட்டு நிருபர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன். 1959இல் பிட்ஸ்பர்க் ரிலீஃப் பிட்சர் எல்ராய் ஃபேஸ் 18 வெற்றி, ஒரே தோல்வி என்று புகழின் உச்சியில் இருந்தார். அவற்றில் சில, முன்னிலையை அவரே கோட்டைவிட்டு, பிறகு சக பேட்ஸ்மேன்கள் தயவில் கிடைத்த வெற்றிகள். இது ஹோல்ட்ஸ்மனை உறுத்தியது. அவர் யோசித்த அளவுகோல் 1969இல் அதிகாரபூர்வமானது.

அளவுகோல் வந்ததும் ஆட்டமே அதற்கேற்ப வளைந்தது. 2016இல் பால்டிமோரின் ஜாக் பிரிட்டன் 47 வாய்ப்புகளில் 47 சேவ் எடுத்தார். அந்த ஆண்டு டொராண்டோவில் நடந்த வாழ்வா சாவா ஆட்டம், சமநிலையில் 11ஆவது இன்னிங்ஸுக்குப் போனது. முன்னிலை கிடைக்கட்டும், பிறகு பிரிட்டனை இறக்கலாம் என்று மேலாளர் காத்திருந்தார். முன்னிலை வரவே இல்லை. எட்வின் என்கார்னாசியோனின் ஹோம் ரன் வந்தது. பிரிட்டன் ஒரு பந்துகூட வீசாமல் அணி வீட்டுக்குக் கிளம்பியது.

அதே ஆண்டு கிளீவ்லேண்ட் வேறு வழியில் போனது. ஜூலை இறுதியில் வாங்கிய ஆண்ட்ரூ மில்லரை, ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை பொத்திவைக்காமல், நெருக்கடி வந்தபோதெல்லாம் இறக்கியது. அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் சிறந்த வீரர் விருது மில்லருக்கே கிடைத்தது. அங்கே க்ளோஸர் பதவி மட்டும் கோடி ஆலனிடமே இருந்தது. சேவ் மட்டும் எண்ணுகிற கற்பனை அணிக்காரருக்கு மில்லரைவிட ஆலனே மேல்!

சிக்கல் இங்கேதான். வழக்கமான ரொட்டிசெரி கணக்கில் பந்துவீச்சுக்கு ஐந்து பிரிவுகள். அதில் ஒன்று சேவ். சீசனில் 60, 70 இன்னிங்ஸ் வீசுகிற ஒருவரை நம்பி ஐந்தில் ஒரு பங்கு தொங்குகிறது. 30 அணிகள், கிட்டத்தட்ட அத்தனை நாற்காலிகள். யார் உட்காருவது என்பதை முடிவு செய்பவர் நிஜ மேலாளர். நான்கு ஆட்டம் சொதப்பினால் பதவி போகும். ஜூலையில் வேறு அணிக்கு மாற்றப்பட்டால், திறமை குறையாமலே பதவி போகும்.

எனவே விவரம் தெரிந்தவர்கள் மார்ச் ஏலத்தில் க்ளோஸருக்குப் பணத்தைக் கொட்டுவதில்லை. எட்டாவது இன்னிங்ஸ் வீசுகிறவர் யார், க்ளோஸர் தொடர்ந்து இரண்டு நாள் வீசியபின் மூன்றாம் நாள் யார் வருகிறார் என்று கவனிக்கிறார்கள். ஸ்டிரைக்-அவுட் அதிகம் எடுக்கும் உதவியாளரை மலிவாக வாங்கி வைக்கிறார்கள். பதவி கிடைத்தால் லாபம். கிடைக்காவிட்டாலும் ரன் சராசரி கெடாது.

அதிலும் உத்தரவாதம் கிடையாது. ரிவேரா விழுந்ததும் எல்லோரும் ஓடிப்போய் எடுத்தது, அடுத்த இடத்தில் இருந்த டேவிட் ராபர்ட்சனை. மே மாதம் முடிவதற்குள் அவருக்கும் விலாத் தசையில் காயம். நாற்காலி ரஃபேல் சொரியானோவிடம் போனது. அந்த சீசனில் அவர் எடுத்தது 42 சேவ்.

ரிவேரா 2013இல், 43 வயதில், திரும்பி வந்தார். 44 சேவ் எடுத்து, மொத்தம் 652 என்ற சாதனையோடு விடைபெற்றார். 2019இல் ஒரு ஓட்டுகூடக் குறையாமல் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். அப்படித் தேர்வான முதல் வீரர் அவர்தான். பல க்ளோஸர்களுக்கு மதிப்பைத் தருவது அந்த நாற்காலி. ரிவேரா விஷயத்தில் நாற்காலிக்குத்தான் அவரால் மதிப்பு வந்தது. அவரைப் போன்ற இன்னொருவர் கிடைக்கும்வரை, கற்பனை அணிக்காரர்கள் எட்டாவது இன்னிங்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பதே நல்லது.